ஆடிட்டரை அமர்த்தியது யார்?

பம்பாயில் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி நம் மக்கள் மிச்சம் பிடிக்கும் பணம் எங்கே போகிறது? பெரிய பேங்கின் இங்கிலீஷ் படிவத்துக்குப் பயந்து, தெருமுனைக் கூட்டுறவு பேங்குக்குப் போகிறவர்கள் ஏராளம். மகள் கல்யாணத்துக்கு வைத்ததும் ஊரில் வீடு கட்ட வைத்ததும் அங்கேதான்.

2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு பேங்கை ரிசர்வ் வங்கி முடக்கியது. 6 மாதத்துக்கு ஒரு கணக்கில் 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். பிறகு கூக்குரல் எழ எழ அந்த வரம்பு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது.

பேங்க் கொடுத்திருந்த கடனில் 100க்கு 70 ரூபாய்க்கு மேல், அதாவது 6,500 கோடி, எச்.டி.ஐ.எல். என்ற ஒரே கட்டடக் கம்பெனிக் கூட்டத்திடம். அதை மறைக்க 21,000க்கும் மேற்பட்ட போலிக் கணக்குகள் என்பது போலீசின் குற்றச்சாட்டு. நம்மில் ஒருவர் தையல் மெஷினுக்குக் கடன் கேட்டால் இரண்டு ஜாமீன்தாரர் கேட்கிறார்களே!

ஆடிட்டர்கள் என்ன செய்தார்கள்? நேரம் போதாமல் அவர்கள் புதிதாகக் கூடிய கடன்களை மட்டுமே பார்த்தார்கள் என்று பேங்கின் நிர்வாக இயக்குநரே ரிசர்வ் வங்கிக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். அந்த ஆண்டு நவம்பரில் ஆடிட்டர்கள் சிலரும் கைதானார்கள். குற்றமா இல்லையா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். நாம் கேட்பது வேறு: அவர்களை அமர்த்திக் கூலி கொடுத்தது யார்? யாருடைய கணக்கைப் பார்க்க வேண்டுமோ அவர்களேதான்! பேருக்குப் பொதுக்குழு என்று ஒன்று உண்டு. அங்கே ஓட்டு, பங்கு வைத்திருக்கும் உறுப்பினருக்கு. கடன் வாங்குகிறவன் பங்கு வாங்கி உறுப்பினனாகிறான். பணம் போட்டு மட்டும் வைத்த நமக்கு ஓட்டுக் கிடையாது. வாங்கியவன் ஆள்கிறான், கொடுத்தவன் வாசலில் நிற்கிறான்.

அந்த ஓட்டை நம்பி வளர்ந்ததுதான் மகாராஷ்டிரத்தின் கூட்டுறவு அரசியல். கைதான இயக்குநர்களில் ஒருவர் முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவரின் மகன். 2019 அக்டோபரில், சட்டசபைத் தேர்தல் நெருங்கிய நேரம், மதுரையில் பிறந்த நிதியமைச்சர் பம்பாய்க்கு வந்தார். கட்சி அலுவலகத்தில் டெபாசிட்தாரர்களைச் சந்தித்து, இதில் நிதி அமைச்சகத்துக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை, ரிசர்வ் வங்கிதான் கட்டுப்பாட்டாளர் என்றார். ரிசர்வ் வங்கியைக் கேட்டால் கூட்டுறவுப் பதிவாளரையும் காட்டும். ஆளுக்கொரு பக்கம் கை காட்ட, நடுவில் கிடந்தது நம் பணம்.

போராடியதால் சில கதவுகள் திறந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2020இல் டெபாசிட் இன்சூரன்ஸ் 1 லட்சத்திலிருந்து 5 லட்சமானது. ஆடிட்டரை நியமிக்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும் என்று சட்டமும் திருத்தப்பட்டது. ஆனால் பெரிய தொகை போட்டவர்களுக்கு, 2022 இணைப்புத் திட்டப்படி கடைசித் தவணை வர 10 ஆண்டு.

சட்டம் திருந்தியும் என்ன? 2025 பிப்ரவரியில் அதே பம்பாயில் நியூ இந்தியா கூட்டுறவு பேங்கின் பெட்டகத்திலிருந்து 122 கோடி ரூபாய் ரொக்கத்தைக் காணோம் என்றார்கள். போலிக் கணக்கைக் கண்டுபிடிக்கக் கெட்டிக்காரத்தனம் வேண்டும். நோட்டை எண்ண என்ன வேண்டும்?

ஆகவே ஓட்டுக் கேட்டு நம் சால்களுக்கு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் மூன்று கேள்வி கேட்போம். நீங்களோ உங்கள் குடும்பமோ எந்தக் கூட்டுறவு பேங்கில் இயக்குநர்? அங்கே உங்கள் கடன் எவ்வளவு? டெபாசிட்தாரருக்கும் ஓட்டு வேண்டும் என்று சட்டசபையில் பேசுவீர்களா? பதிலை எழுதி வாங்கிச் சங்கத்துக்கு அனுப்புங்கள், பெயரோடு அச்சிடுவோம்.