வென்றால் 'நாம்', தோற்றால் 'அவர்கள்'



பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கி வந்தால் தகப்பன் "என் பிள்ளை" என்று ஊரெல்லாம் சொல்லுவார். அதே பிள்ளை தேர்வில் தவறிவிட்டால் மனைவியைப் பார்த்து, "உன் பிள்ளை செய்திருக்கும் காரியத்தைப் பார்" என்பார். இது நம் வீடுகளில் வழக்கமாய்க் கேட்கும் பேச்சுதான். கேட்டுச் சிரித்துவிட்டுக் கடந்து போகிறோம். அந்த ஒரு சொல் மாற்றத்துக்குள் நம் இருதயத்தின் நிலை எவ்வளவு தெளிவாய் வெளிப்படுகிறது என்பதை இந்த வாரம் சிந்திக்க விரும்புகிறேன். விளையாட்டுப் போட்டி முடிந்த இரவுகளில் நாமும் நம் வாலிபரும் கைபேசியில் எழுதுகிற காரியங்களைக் குறித்தே இதைச் சொல்லுகிறேன்.

அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி என்னும் உளவியல் பேராசிரியரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1976ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏழு பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் அணிந்துவரும் உடைகளைத் திங்கட்கிழமைதோறும் கவனித்தார்கள். வார இறுதியில் தங்கள் கல்லூரிக் கால்பந்து அணி வென்றிருந்தால், கல்லூரியின் பெயரும் சின்னமும் பொறித்த உடைகளை அணிந்து வந்தவர்கள் அதிகமாயிருந்தார்கள். பின்பு தொலைபேசியில் மாணவர்களை அழைத்து ஆட்டத்தின் முடிவைச் சொல்லும்படி கேட்டார்கள். வெற்றியைச் சொன்னவர்கள் "நாம் வென்றோம்" என்றும், தோல்வியைச் சொன்னவர்கள் "அவர்கள் தோற்றார்கள்" என்றும் சொல்லும் போக்கு காணப்பட்டது. ஆடியது ஒரே அணி. பேசியவர்கள் ஒரே கல்லூரி மாணவர்கள். முடிவு மாறினவுடனே சொல்லும் மாறிற்று.

அந்நாட்களில் கைபேசி இல்லை. இன்று அந்தச் சொல் மாற்றம் உடையோடும் பேச்சோடும் நிற்பதில்லை. தோற்றவனுடைய கைக்கே நேராகப் போய்ச் சேருகிறது.

நம் மாநிலத்து வீரர் இருவருக்கு ஒரே இரவில் நேர்ந்ததைப் பாருங்கள். 2018 மார்ச் 18 அன்று கொழும்பில் வங்காளதேசத்துக்கு எதிரான நிதாஹாஸ் கோப்பை இறுதிப்போட்டி நடந்தது. கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டங்கள் தேவைப்பட்டபோது தினேஷ் கார்த்திக் சிக்ஸர் அடித்து இந்தியாவை வெற்றிபெறச் செய்தார். எட்டுப் பந்துகளில் 29 ஓட்டங்கள் எடுத்த அவரை நாடே கொண்டாடிற்று. அதே ஆட்டத்தில் விஜய் சங்கர் 19 பந்துகளில் 17 ஓட்டங்கள் எடுத்திருந்தார். பதினெட்டாவது ஓவரில் தொடர்ந்து நான்கு பந்துகளை அவரால் அடிக்க முடியவில்லை. அணி வென்றது, ஆயினும் அந்த நான்கு பந்துகளுக்காக அவர் பல நாட்கள் சமூக வலைதளங்களில் பரிகாசத்துக்குள்ளானார். மறு ஆண்டு மார்ச் 5 அன்று நாக்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கடைசி ஓவரை வீசும் பொறுப்பு அவரிடம் வந்தது. 11 ஓட்டங்களைக் காக்கவேண்டிய அந்த ஓவரில் இரண்டு விக்கெட்டுகளை வீழ்த்தி வெற்றியைத் தேடித்தந்தார். பழித்த இடத்திலேயே புகழ் குவிந்தது.

2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தான் அணி ஒரு விக்கெட்டையும் இழக்காமல் இந்தியாவை வென்றது. அன்று பந்து வீசிய ஒருவராலும் ஒரு விக்கெட்டைக்கூட வீழ்த்த முடியவில்லை. ஆனால் வசைமாரி முகமது ஷமியின்மேல், அவருடைய மதத்தைச் சொல்லியே, பொழிந்தது. பதினொருவரின் தோல்வியைச் சுமக்க ஒருவரைத் தேடி, மற்றவர்களிலிருந்து வேறுபட்டவராய்த் தெரிந்தவரைத் தெரிந்துகொண்டார்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன்பாக அணித்தலைவர் விராட் கோலி வெளிப்படையாக ஷமியின் பக்கம் நின்று, மதத்தைச் சொல்லி ஒருவரைத் தாக்குவதைக் கடுமையாகக் கண்டித்தார். தோற்ற இரவில் தன் வீரனை விட்டு விலகாத தலைமை அது.

இதற்கு ஓராண்டுக்கு முன்பு, 2020 அக்டோபரில், நம்மில் பலர் நேசிக்கும் சென்னை அணி அபுதாபியில் கொல்கத்தா அணியிடம் பத்து ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது. அதன்பின் தோனியின் ஐந்து வயது மகளைக் குறித்து, இங்கே எழுதக் கூடாத மிரட்டல் ஒன்று இன்ஸ்டாகிராமில் வந்தது. அதை எழுதியதாகக் காவல்துறை பிடித்தது குஜராத்தைச் சேர்ந்த 16 வயதுப் பள்ளி மாணவனை. பெற்றோரே, அந்த வயதைக் கவனியுங்கள். அது நம் ஓய்வுநாள் பள்ளியின் மூத்த வகுப்புப் பிள்ளைகளின் வயது.

இதில் பணமும் கலந்திருக்கிறது. 2024 மார்ச் மாதத்தில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர் அர்மாண்டோ பேகாட், தம் அணி வென்ற ஓர் ஆட்டத்துக்குப் பிறகும் தமக்கு நூற்றுக்கு மேற்பட்ட வசைச் செய்திகள் வந்ததாகச் சொன்னார். அவர் இத்தனை முறை பந்தைப் பிடிப்பார் என்று பந்தயம் கட்டிப் பணம் இழந்தவர்களின் கோபம் அது. நம் நாட்டிலும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்ய 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றவேண்டிய நிலை வந்தது. ஒருவன் ஓடுவதையும் விழுவதையும் நம் பணமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டால், அவன் ஒரு தாயின் மகன் என்பதை மறந்துபோகிறோம்.

விளையாட்டைப் பார்ப்பது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ராஜபாளையம் கூடைப்பந்தை நேசிக்கும் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் வாலிபர் மாலை மயங்கும்வரை ஆடுகிறார்கள். ஆட்டம் நல்லது, சேர்ந்து பார்ப்பதும் நல்லது. ஆனால் மைதானத்தில் நிற்கும்போது, கடைசி நொடியில் கூடைக்குள் பந்தைப் போடத் தவறிய பையனின் முகம் நமக்குத் தெரிகிறது. அவன் தலைகுனிந்து தண்ணீர்க் குழாயண்டை போவதைப் பார்க்கிறோம். ஏசவந்த வாயும் அடங்கிப்போகிறது. கைபேசியில் அந்த முகம் இல்லை. அதனால்தான் நேரில் ஒருநாளும் சொல்லத் துணியாததை இரவு பதினொரு மணிக்குக் கட்டிலில் படுத்தபடியே எழுதிவிடுகிறோம்.

"அவர்கள் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார்கள், நாலு வார்த்தை கேட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். ஆட்டத்தைக் குறைசொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பந்தை அப்படி ஆடியிருக்கக் கூடாது என்பது விமரிசனம். அவன் பிறப்பையும், நிறத்தையும், மனைவி பிள்ளைகளையும் இழுப்பது விமரிசனம் அன்று. சம்பளம் ஒருவனுடைய உழைப்புக்குக் கொடுக்கப்படுகிறது; அவமானத்தைச் சகிப்பதற்கான கூலி அதில் சேரவில்லை.

லீஸ்திரா பட்டணத்தில் நடந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிறவியிலேயே நடக்க இயலாதிருந்த ஒருவன் எழுந்து நடந்தான் என்றவுடனே ஜனங்கள் பவுலையும் பர்னபாவையும் தேவர்கள் என்று சொல்லி, எருதுகளையும் பூமாலைகளையும் கொண்டுவந்தார்கள். வெளியூரார் சிலர் வந்து கலகம் மூட்டியவுடனே அதே பட்டணத்தில் பவுலைக் கல்லெறிந்து, மரித்தான் என்று எண்ணி வெளியே இழுத்துப் போட்டார்கள். பவுல் இடையில் மாறவில்லை. மாலை ஏந்திய ஊரில்தான் கல்லும் எறியப்பட்டது. ஆனால் 20ஆம் வசனத்தில் ஒரு சிறு கூட்டத்தைக் காண்கிறோம். சீஷர்கள் விழுந்துகிடந்தவனைச் சூழ்ந்து நின்றார்கள். அவன் எழுந்து பட்டணத்துக்குள் போனான். சபை என்பது அப்படி நிற்கிற கூட்டம்தான்.

பேதுருவும் 'நாம்' என்று தொடங்கி 'அவர்' என்று முடித்தவன்தான். ஆண்டவரோடு மரிக்கவும் ஆயத்தம் என்றான். அவர் பிடிபட்ட இரவில், குளிர்காய்ந்துகொண்டே, அந்த மனிதனை அறியேன் என்றான். தோற்றுப்போனவராய்த் தெரிந்தவரிடமிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டான். ஆனால் உயிர்த்தெழுதலின் காலையில் கல்லறையினிடத்தில் சொல்லப்பட்ட செய்தியில் பேதுருவின் பெயர் தனியே சேர்க்கப்பட்டிருந்தது (மாற்கு 16:7). நம்மைச் சகோதரர் என்று அழைக்கக் கர்த்தர் வெட்கப்படவில்லை என்று எபிரெயர் நிருபம் 2ஆம் அதிகாரம் போதிக்கிறது. நாம் தோற்றுக்கிடந்தபோது அவர் நம்மை 'அவர்கள்' என்று சொல்லியிருந்தால் நம் கதி என்ன?

இது கிரிக்கெட்டோடு முடிந்துவிடுகிற காரியமாயிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். தகப்பன் ஒரு வீரனைக் கைபேசியில் ஏசி எழுதுவதையும், அதற்கு வந்த சிரிப்புப் படங்களைக் காட்டி மகிழ்வதையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. தவறினவனுக்கு இந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்பதை அது அங்கேயே கற்றுக்கொள்ளுகிறது. மே மாதத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வரும்போது மாணவர்கள் 104 என்ற எண்ணில் அழைத்து ஆலோசனை பெற அரசு ஏற்பாடு செய்கிறது. அந்த எண்ணை அழைப்பதற்கு முன்பு, "அப்பா, நான் தவறிவிட்டேன்" என்று நம்மிடம் சொல்லும் தைரியம் நம் பிள்ளைகளுக்கு இருக்கவேண்டாமா? தோற்ற அணியைக் குறித்து நாம் பேசுகிற விதத்திலேயே அந்தத் தைரியத்தை வளர்க்கிறோம், அல்லது அழிக்கிறோம்.

ஆகையால் சபையாருக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். நம் அணி தோற்ற இரவில் எந்த வீரரைக் குறித்தும் ஒன்றும் எழுதாதிருங்கள். விடிந்தபின் எழுதத் தோன்றினால் எழுதுங்கள். தோற்றவர்களைப் பரிகசிக்கும் படங்களைச் சபையின் வாட்ஸ்அப் குழுக்களில் பகிராதிருங்கள். நம் அணி வென்ற இரவிலும் அப்படியே. தன்னைக் கொல்லத் தேடின சவுல் வீழ்ந்த நாளில் தாவீது கொண்டாடாமல் புலம்பினதை 2 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். மூன்றாவது, வாலிபரே, அடுத்த முறை நம் அணி தோற்கும்போது யாராவது முடிவைக் கேட்டால் "நாம் தோற்றோம்" என்று சொல்லிப் பழகுங்கள். நாவுக்கு அது கசப்பாயிருக்கும். ஆனாலும் சொல்லுங்கள்.

விழுந்தவர்களைச் சூழ்ந்து நிற்கும் கிருபையைக் கர்த்தர் நம் அனைவருக்கும் தந்தருளுவாராக. ஆமென்.