மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டு பாலிசி வாங்குங்கள்

ஷெங்கன் விசா வேண்டுமானால் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்டியாக வேண்டும். அமெரிக்க சுற்றுலா விசாவுக்கு அப்படி எதுவும் கேட்பதில்லை. கேட்கிற ஐரோப்பாவில் நம்மவர்கள் பத்து நாள் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். கேட்காத அமெரிக்காவில்தான் பேரன் பேத்தியோடு ஆறு மாதம் தங்குகிறார்கள், சர்க்கரையும் ரத்தக்கொதிப்புமாக.

டெக்ஸாஸில் மகள் வீட்டில் இருந்தபோது ஒரு ராத்திரி என் கணவருக்கு நெஞ்சை அடைத்தது. "வாய்வுதான், சோடா குடிச்சா சரியாயிடும்" என்றார். மகள் காதில் வாங்காமல் 911-ஐ அழைத்தாள். எமர்ஜென்சியில் யாரும் முதலில் பணப் பேச்சை எடுக்கவில்லை. 1986-இல் வந்த சட்டம் அப்படி: காசு உண்டா இல்லையா என்று பார்த்துப் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது, நிலைமை சீராகும்வரை வைத்தியம் பார்த்தாக வேண்டும். சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஒரு திரையை உருட்டி வந்தார்கள். அதில் மொழிபெயர்ப்பாளராக ஒரு பெண் யாழ்ப்பாணத் தமிழில் பேசினார். அந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது. வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார். இவரோ, "தாங்கிக்கலாம்" என்றார். அதை எத்தனை என்று நர்ஸிடம் சொல்வது? பாவம், அந்தப் பெண் மூன்று முறை கேட்டுப் பார்த்தார். இசிஜி எடுத்தார்கள், சில மணி நேரம் விட்டு இரண்டாம் முறையும் ரத்தம் எடுத்துப் பார்த்து, மாரடைப்பு இல்லை என்றார்கள். வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

பில்கள் பிறகு தபாலில் வந்தன. மருத்துவமனைக்கு ஒன்று, எமர்ஜென்சி டாக்டருக்கு ஒன்று, எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னவருக்கு ஒன்று, ஆம்புலன்ஸுக்கு ஒன்று. எல்லாம் அந்த ஒரு ராத்திரிக்குத்தான்! எங்கள் பாலிசி கொஞ்சம் விலை கூடியது; பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டது. விலை குறைந்த பாலிசிகளில் பல, இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவு டாலர்தான் என்று முன்கூட்டியே வரம்பு கட்டியவை. மிச்சம் நம் தலையில். பழைய நோய்க்குப் பெரும்பாலும் இடமில்லை; திடீரென்று முற்றினால் மட்டும் தருவோம் என்கிற பாலிசிகளிலும் வயது வரம்பு உண்டு.

அங்கே சாயங்காலம் பூங்காவில் கூடும் நம் ஊர்ப் பெற்றோரிடம் பேச்சுக் கொடுத்தேன். டாக்டர் மாத்திரையைக் கூட்டியதைப் பிள்ளையிடம் சொல்லாதவர்களே அதிகம். பிள்ளைகளோ பில்லைப் பெற்றவர் கண்ணில் காட்டுவதில்லை. இரண்டு பக்கமும் பாசம்தான், ஆனால் பாலிசியை யார் படிப்பது? பிள்ளை அங்கே ஆன்லைனில் வாங்குவதோ, டிக்கெட் போடும் ஏஜென்ட் கூடவே தலையில் கட்டுவதோ போதாது. மாத்திரை அட்டைகளை மேஜையில் பரப்பி, பெற்றவர்களையும் வைத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும் என்பேன்.

அப்படியும் பெரிய பில் வந்துவிட்டால், எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். அங்கே லாபநோக்கற்ற மருத்துவமனைகள் கட்டண உதவிக்கு எழுத்துபூர்வமான விதி வைத்திருக்க வேண்டும் என்பது 2010 முதல் சட்டம். விருந்தாளியாக வந்தவருக்கு அது பொருந்துமா என்பது இடத்துக்கு இடம் மாறும். கேட்பதில் நஷ்டமில்லை.

பக்கத்து வீட்டு அக்கா அடுத்த மாதம் நியூஜெர்ஸி போகிறார். பெட்டிக்கு 23 கிலோ என்று வற்றலையும் பொடியையும் நிறுத்துக்கொண்டிருந்தார். மாத்திரைகளின் கம்பெனிப் பெயர் அங்கே புரியாது. அம்லோடிபின், மெட்ஃபார்மின் என்று உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுதி இன்றைக்கே மகளுக்கு அனுப்பச் சொன்னேன்.

"ஐயோ, அவ கவலைப்படுவாளே" என்றார்.

"படட்டுமே அக்கா, பாலிசி வாங்குறதுக்கு முன்னாடியே படட்டும்" என்றேன்.