உள்ளே தங்குவதா, வெளியே தங்குவதா?

கோடை விடுமுறை வந்தாலும் சரி, ஓண விடுமுறை வந்தாலும் சரி, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்து நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு கட்டாயம் எழும். பிள்ளைகளுக்குத் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா போக வேண்டும். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரா, கொச்சி வொண்டர்லாவா என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்துவிடுகிறார்கள். பெரியவர்களிடம் வந்து நிற்பது அடுத்த கேள்விதான். "ஏனுங்கண்ணா, உள்ளயே ரூம் போட்டர்லாமுங்களா, இல்ல வெளியே லாட்ஜ் பாக்கலாமுங்களா?" என்று என்னிடமும் பலர் கேட்கிறார்கள். வாடகை வித்தியாசம் சில நூறு ரூபாயில் நிற்பதில்லை, ஆயிரங்களில் போகிறது. தக்காளி விலை இறங்கினால் வீட்டுக் கணக்கே தடுமாறும் நம் ஊரில் இதைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது. ஆகவே என் கருத்தை இங்கே எழுதி வைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம்.

முதலில் ஒன்று. மலம்புழை போவதற்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. நம் ஊரிலிருந்து காலையில் கிளம்பி, அணை, யட்சி சிலை, கயிற்று வண்டி, ஃபேண்டசி பார்க் எல்லாம் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். அங்கே அறை எடுப்பது வீண் செலவு.

மலம்புழை என்றதும் ஒரு சங்கதி ஞாபகம் வருகிறது. அந்த அணையை அன்றைய சென்னை மாகாண முதல்வர் காமராஜர் திறந்து வைத்தது 1955 அக்டோபரில். அதே ஆண்டு ஜூலையில்தான் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி தன் முதல் பூங்காவைத் திறந்தார். விடுதி கட்ட அவரிடம் பணம் இல்லை. அதனால் ஜாக் ராதர் என்ற இன்னொருவர் பக்கத்திலேயே விடுதி கட்டினார். சுற்றிலும் சிறிய விடுதிகள் முளைத்தன. பூங்காவுக்கு வந்த கூட்டத்தின் தங்கும் செலவு முழுவதும் மற்றவர்கள் கைக்குப் போயிற்று. டிஸ்னிக்கு இது பெரிய வருத்தம். அடுத்து புளோரிடாவில் பூங்கா என்றபோது அவர் நிறுவனம் ஏறக்குறைய 27,000 ஏக்கரை வளைத்துப் போட்டது. அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1971-ல் அந்தப் பூங்கா திறக்கும்போதே உள்ளே சொந்த விடுதிகள் இருந்தன. 1992-ல் பாரிஸ் அருகே இதையே பெரிதாகச் செய்தார்கள்: சுமார் 5,200 அறைகள். ஐரோப்பியர்களோ காலையில் வந்து மாலையில் வீட்டுக்கோ நகரத்துக்கோ திரும்பினார்கள். அறைகள் காலியாகக் கிடந்தன, கடன் கழுத்தை நெரித்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பூங்காவுக்குள் விடுதி கட்டுவது அவர்கள் வியாபாரத்துக்காக. அதில் தவறில்லை. ஆனால் "உள்ளே தங்கினால்தான் முழுதாக அனுபவிக்க முடியும்" என்ற பேச்சை அப்படியே நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவில் விடுதி விருந்தினர்களை மற்றவர்களுக்கு முன்பே, காலையில் அரை மணி நேரம் முன்னதாக உள்ளே விடுகிறார்கள். அங்கே அது பெரிய லாபம்தான். நம் பக்கத்துப் பூங்காக்கள் காலை பத்து, பதினொரு மணிவாக்கில்தான் திறக்கின்றன. விடியற்காலையில் வேலந்தாவளத்தில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால், கொச்சிக்கே பதினொரு மணிக்கு முன் போய்விடலாம். முதல் நாள் இரவே போய் அங்கே காத்துக் கிடக்க வேண்டிய அவசியம் என்ன?

நம்மவர்கள் அறை எடுக்கும்போது பெரும்பாலும் முதல் நாள் இரவுக்குத்தான் எடுக்கிறார்கள். அறையைக் காலி செய்யும் நேரமோ பெரும்பாலான இடங்களில் பத்து, பதினொரு மணி. அதாவது பூங்கா திறக்கும் நேரத்தில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்! மத்தியானம் குழந்தை தூக்கத்துக்கு அழும்போது அறை இல்லை. பாட்டிக்குக் கால் வலிக்கும்போது அறை இல்லை. மாலையில் ஈரத் துணியோடு வெளியே வரும்போதும் அறை இல்லை. அத்தனை பணம் கொடுத்து வாங்கியது, எங்கேயும் கிடைக்கும் ஓர் இரவுத் தூக்கம் மட்டுமே.

தங்குவதானால் ஆடி முடித்த இரவுக்குத் தங்குங்கள் என்பது என் கட்சி. அன்று காலை வீட்டிலிருந்து போய், மத்தியானம் அறையை வாங்கி, மறுநாள் பொறுமையாகக் கிளம்பலாம். அப்போது உள்ளே இருக்கும் விடுதிக்கு ஓர் அர்த்தம் உண்டு. கைக்குழந்தை உள்ளவர்கள், வயதான மாமியாரை அழைத்துப் போகிறவர்கள், இவர்களுக்குக் கூடுதல் பணம் கொடுத்தாலும் தகும். நடந்து போகிற தூரத்தில் கட்டிலும் குளியலறையும் இருப்பது பெண்களுக்கு எவ்வளவு நிம்மதி என்பதை, பொது உடை மாற்றும் அறை வாசலில் வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள். ஆனால் பதிவு செய்யும்போதே இரண்டு கேளுங்கள். நடுவில் அறைக்குப் போனவர்களை மறுபடி பூங்காவுக்குள் விடுவார்களா? வாடகையில் நுழைவுச் சீட்டும் சேர்ந்ததா, காலைச் சிற்றுண்டி மட்டுமா? விளம்பரத்தில் இவை தெளிவாக இருப்பதில்லை.

பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியவர்களா? அப்படியானால் வெளியே தங்குங்கள். மேட்டுப்பாளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக் தண்டர் ஊட்டி சாலையில் மலையடிவாரத்தில் இருக்கிறது. உள்ளேயே விடுதியும் உண்டு. ஆனால் ஊருக்குள், ரயில் நிலையத்தை ஒட்டித் தங்கினால் மறுநாள் காலை ஏழு மணி சுமாருக்குப் புறப்படும் மலை ரயிலைப் பிடிக்கலாம் (இடத்துக்கு முன்பதிவு முக்கியம்). பல்சக்கரத்தில் ஏறும் அந்த ரயில் 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாட்டிக்கு வனபத்ரகாளியம்மன் தரிசனமும் ஆயிற்று. ராத்திரி எட்டு மணிக்கு இட்லி வேண்டும் என்றால் இட்லி, புரோட்டா வேண்டும் என்றால் புரோட்டா. உள்ளே தங்கினால் ஒரே சமையலறை, அவர்கள் போட்ட விலை.

வொண்டர்லாவின் பெங்களூருப் பூங்காவில், பிடதியில், 2012 முதல் விடுதி இருக்கிறது. அது நமக்கு எப்படியும் ஓர் இரவுப் பயணம் என்பதால் கணக்கு வேறு. அங்கே பூங்காவோடு ஒட்டித் தங்குவதே நல்லது. பெங்களூரு நெரிசலில் பாதி நாள் போய்விடும்.

நம்மவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, சொந்தக்காரர் வீடு. கோவையில் அத்தை வீடோ, மேட்டுப்பாளையத்தில் சித்தப்பா வீடோ இல்லாத குடும்பம் நம் எல்லைப் பக்கத்தில் குறைவு. அறை வாடகை மிச்சம்தான். ஆனால் எட்டுப் பேர் ஈரத் துணியோடு இரவு ஏழு மணிக்கு வந்து இறங்கினால் அந்த வீட்டுப் பெண்மணியின் பாடு என்ன? அந்த வீட்டுப் பிள்ளைகளையும் நம் செலவில் பூங்காவுக்கு அழைத்துப் போவதாக இருந்தால் போய்த் தங்குங்கள். இல்லாவிட்டால் லாட்ஜே கௌரவம்.

எல்லையில் வாழ்கிற நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அதை யாரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை. ஓண விடுமுறையில் கேரளப் பூங்காக்கள் நிரம்பி வழியும். தமிழ்நாட்டில் அவை பெரும்பாலும் சாதாரண வேலை நாட்கள். அப்போது மேட்டுப்பாளையம் போனால் கூட்டமும் குறைவு, அறையும் பேரம் பேசலாம். பொங்கலுக்கு நம் பாலக்காடு மாவட்டத்துக்கு விடுமுறை உண்டு, எர்ணாகுளத்துக்கு இல்லை. அன்று கொச்சிப் பக்கம் போங்கள்.

கடைசியாக, வேன் ஓட்டுநர். கொச்சிப் பூங்கா மூடும்போது மாலை ஆறு மணி ஆகிவிடும். அதற்குமேல் திருச்சூர், குதிரான், பாலக்காடு தாண்டி நான்கு மணி நேரம். நாள் முழுவதும் தண்ணீரில் கிடந்தவர்கள் வண்டி நகர்ந்ததும் தூங்கிவிடுவார்கள். சொந்தக் கார் என்றால் ஸ்டியரிங் பிடிப்பவரும் அதே தண்ணீரில் கிடந்தவர்தான். வாடகை வேன் என்றால் அந்த ஓட்டுநர் விடியற்காலையிலிருந்து வெயிலில், நிறுத்துமிடத்தில், சீட்டில் சாய்ந்தபடி கிடந்தவர். குதிரான் சுரங்கப்பாதை 2021-ல் திறந்த பிறகு சாலை சுலபமாகிவிட்டது. தூக்கம் வருவதும் சுலபமாகிவிட்டது. ஆகவே அறைக்குத் தொலைபேசியில் பேசும்போது ஏசி உண்டா, டிவி உண்டா என்று கேட்பதற்கு முன், ஓட்டுநர் படுக்க இடம் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்று சொல்கிற விடுதி பூங்காவுக்குள் இருந்தாலும் வேண்டாம். ஊருக்குள் ஓட்டுநருக்குக் கட்டில் தருகிற லாட்ஜ் எத்தனையோ இருக்கிறது.