உடையாத கடிகாரமும் பிழைபடும் அளவும்



அண்மையில் எங்கள் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாள் நடைபெற்றது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை, மகனின் கையைப் பிடித்து என்முன் நீட்டினார். மணிக்கட்டில் தடித்த கறுப்புக் கைக்கடிகாரம். கேசியோ நிறுவனத்தின் ஜி-ஷாக் வகையைச் சேர்ந்த 'ரேஞ்ச்மேன்'. "சார், இது கீழே விழுந்தாலும் உடையாது. மலை ஏறினா எத்தனை மீட்டர்னு சரியாச் சொல்லிடும்" என்றார் பெருமையுடன்.

அவர் கூறியவற்றுள் முதலாவது உண்மை. இரண்டாவது பாதி உண்மை. அந்த மறுபாதி, ஆசிரியராகிய நமக்கும் ஒரு பாடம் என்பதே என் கருத்து.

முதலில் உறுதியைப் பற்றிக் கூறிவிடுகிறேன். தந்தை அளித்த கடிகாரம் கீழே விழுந்து உடைந்துபோனதே ஜப்பானியப் பொறியாளர் கிக்குவோ இபேயைச் சிந்திக்க வைத்தது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக்கூடாது, பத்து பார் நீரழுத்தத்தைத் தாங்க வேண்டும், மின்கலம் பத்து ஆண்டுகள் நீடிக்க வேண்டும் என்று அவர் இலக்கு வகுத்தார். ஆய்வுக்கூடக் கழிவறையின் சன்னல் வழியே மாதிரிகளைக் கீழே போட்டுச் சோதித்தார். ஏறத்தாழ இருநூறு மாதிரிகள் செய்யப்பட்டன. பூங்காவில் ஒரு சிறுமி பந்தைத் தட்டி விளையாடியதைக் கண்டபோதுதான், கடிகாரத்தின் உட்பகுதியை மிதப்பதுபோல் அமைக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. முதல் ஜி-ஷாக் 1983 ஏப்ரலில் வெளிவந்தது. மலைக்கும் காட்டுக்கும் செல்வோருக்கான ரேஞ்ச்மேன் 2013இல் வந்தது. இருநூறு மீட்டர் நீர்த்தடுப்பு, சூரிய ஒளியால் மின்னேற்றம் ஆகியவற்றோடு காற்றழுத்தம், திசை, வெப்பநிலை ஆகிய மூன்றையும் அறியும் உணரிகள் இதில் உள்ளன.

இனி உயரத்திற்கு வருவோம். இந்த உணரிகளுள் எதுவும் உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. கடிகாரம் அளப்பது காற்றழுத்தத்தை மட்டுமே. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும். கடல்மட்டத்தின் அருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறத்தாழ எட்டு மீட்டர் ஏறியதாகப் பொருள். இக்கணக்கைக் கொண்டே அது உயரத்தை ஊகிக்கிறது. ஆனால் காற்றழுத்தம் உயரத்தால் மட்டுமா மாறுகிறது? வானிலையாலும் மாறும், பொழுதாலும் மாறும். நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் அழுத்தம் கூடும். மாலை நான்கு மணியளவிலும் விடியற்காலை நான்கு மணியளவிலும் குறையும். நாள்தோறும் நிகழும் ஏற்ற இறக்கம் இது.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில் சக ஆசிரியர்களோடு கினபாலு மலை ஏறினேன். எங்களுள் ஒருவர் இத்தகைய கடிகாரம் அணிந்திருந்தார். லாபான் ராத்தா தங்குமிடத்தை அடைந்து உணவுண்டபின், அங்குள்ள உயரமான 3,272 மீட்டரைக் கடிகாரத்தில் பதிந்துவிட்டு உறங்கினார். உச்சிக்குப் புறப்படுவதற்காக அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்தபோது கடிகாரம் 3,284 என்று காட்டியது. படுக்கையை விட்டு அவர் அசையவே இல்லை! "தூக்கத்திலேயே பன்னிரண்டு மீட்டர் ஏறிட்டேன்" என்று அவர் கூற, குளிரிலும் அனைவரும் சிரித்தோம். பிறகு மீண்டும் 3,272 என்று திருத்திக்கொண்டு நடந்தார்.

கடிகாரம் பழுதாகவில்லை. அழுத்தத்தை அது சரியாகவே அளந்தது. மாறியது வானம். இதனால்தான், உயரம் தெரிந்த இடத்தை அடையும்போதெல்லாம் அளவைத் திருத்திக்கொள்ளும்படி கையேடு அறிவுறுத்துகிறது. உடல் வெப்பம் கலந்துவிடும் என்பதால், வெப்பநிலையை அறியக் கடிகாரத்தைக் கையிலிருந்து கழற்றிவைக்கச் சொல்கிறது. இரும்புப் பொருள்களின் அருகே திசைகாட்டியை நம்பாதே என்கிறது. எத்தனை அடிபட்டாலும் உடையாத கருவி, தன் அளவு எங்கே பிழைபடும் என்பதை வெளிப்படையாகக் கூறிவிடுகிறது. உடையாத கருவி வேறு. பிழைபடாத கருவி வேறு.

நம் மதிப்பீட்டுப் பதிவேட்டில் இத்தகைய எச்சரிக்கை உண்டா?

2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நிறுத்தப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை இடுகிறோம். அந்த எண்ணும் ஓர் ஊகமே. நாம் காண்பது ஒரு பயிற்சித்தாளை, ஒரு வாசிப்பை, ஒரு நாளின் முகத்தை. அதிலிருந்து மாணவனின் உயரத்தைக் கணிக்கிறோம்.

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். கணிதத்தில் நன்றாகச் செய்துவந்த மாணவன் ஒருவன் ஒரு பருவத்தில் இரண்டு நிலைகள் இறங்கினான். 'கவனக்குறைவு' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பல வாரங்கள் கழித்தே தெரிந்தது, பெற்றோர் இருவரும் இரவு வேலைக்கு மாறியிருந்தனர் என்று. தங்கைக்குச் சோறூட்டி உறங்கவைத்துவிட்டு நள்ளிரவில் படுக்கும் பத்து வயதுப் பிள்ளை அவன். அவன் இறங்கவில்லை, அவனைச் சூழ்ந்த அழுத்தம் மாறியிருந்தது. நான் அதைத் திருத்திக்கொள்ளாமல் எண்ணை மட்டும் படித்தேன். அந்தச் சொல் அவனுடைய பதிவில் இன்னும் இருக்கிறது.

மதிப்பீடே வேண்டாம் என்பது என் வாதமன்று. கடிகாரம் இல்லாமல் மலையேறுவது அறிவுடைமை ஆகாது. ஆனால் பருவத்திற்கு ஒருமுறையேனும், தாளும் எண்ணும் இல்லாமல் ஒவ்வொரு மாணவனோடும் பத்து நிமிடம் பேச வேண்டும். ஆசிரியருக்கு அதுவே உயரம் தெரிந்த இடம். பெற்றோர்களே, வீட்டில் மாற்றம் ஏதும் நேர்ந்தால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். காரணத்தை விரிக்க வேண்டியதில்லை. 'வானிலை மாறியிருக்கிறது' என்று நாங்கள் அறிந்தாலே போதும்.

பிள்ளைக்கு இக்கடிகாரம் வாங்கித் தந்திருப்போர் ஒன்று செய்து பாருங்கள். மழையில்லாத ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதை மேசைமேல் வைத்து, உயரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாலை நான்கு மணிக்கு மீண்டும் பார்க்கட்டும். எண் இருபது மீட்டர் அளவுக்கு ஏறியிருக்கக்கூடும். "மேசை மேலே போனதா?" என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, கடிகாரத்தின் விலைக்கும் மேலான ஒன்றைக் கற்றுக்கொள்வான். அடுத்த சந்திப்பில் அந்தத் தந்தையிடமும் இதைத்தான் சொல்லப் போகிறேன்.