நழுவு வளையமும் நாமும்



“எம்.எஸ்ஸி. படிக்க டில்லிக்கு வந்தவனுக்கு மிக்ஸிக்குக் கார்பன் மாற்றுகிறவன் வேலை எதற்கு?” ஆய்வேட்டுக்கு நான் எழுதிக்கொடுத்த தலைப்பைப் பார்த்து நம் தமிழ் நண்பர் ஒருவரே இப்படிக் கேட்டார். கேட்டவர் சிரித்தார், சுற்றியிருந்தோரும் சிரித்தனர். சிரித்தது பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே ஒரு நோய் குடியிருக்கிறது. கரும்பலகையில் சமன்பாடு எழுதும் கை உயர்ந்தது, கரி படிந்த கை தாழ்ந்தது என்னும் நோய். அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத்தான் இந்த இதழில் இடம் கேட்டேன்.

தலைப்பு இதுதான்: ஓயாது சுழலும் மேடை ஒன்று, அதன்மேல் மோட்டார்கள், அவற்றுக்கு மின்சாரம் தருவது எப்படி?

கம்பியைக் கட்டிவிட்டால் போயிற்று என்று தோன்றும். கட்டிப் பாருங்கள்! மேடை சில சுற்றுச் சுற்றுவதற்குள் கம்பி முறுக்கேறி அறுந்து தொங்கும். இந்தத் தொல்லையே வேண்டாமென்று மோட்டாரைத் தரையிலேயே வைத்துவிடுவதும் உண்டு. நம் கஸ்தூரிபா காந்தி சாலையில் பரிக்கிரமா என்று ஒரு சுழல் உணவகம் இருக்கிறதே, அத்தகைய உணவகங்களில் பெரும்பாலும் மேசை நாற்காலி போட்ட வளையம் மட்டுமே நகரும். சமையற்கட்டு நடுவே அசையாமல் நிற்கும். (உள்ளே போய்ப் பார்த்துவர நம் உதவித்தொகை இடங்கொடாது என்பது வேறு கதை.) ஆனால் எல்லா இடத்திலும் இப்படித் தப்பித்துக்கொள்ள முடியாது. மோட்டார் மேடைமேல்தான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் நேரும்போது கைகொடுப்பது நழுவு வளையம்.

அதை நாம் அறியாதவர்கள் அல்லர். பன்னிரண்டாம் வகுப்பில் மின்னியற்றிப் படம் வரைந்து, “நழுவு வளையங்கள்”, “தூரிகைகள்” என்று இரண்டு அம்புக்குறி போட்டு, மதிப்பெண் வாங்கி, மறுநாளே மறந்தோமே, அதுதான். சுழலும் அச்சிலே உலோக வளையம். அசையாத சட்டத்திலிருந்து அதை அழுத்தி நிற்கும் கரித்துண்டு. வளையம் சுழலும், கரி நிற்கும், மின்னோட்டம் இரண்டுக்கும் இடையே கடந்து போகும். 1831இல் ஃபாரடே காந்தத்தின் நடுவே செப்புத்தட்டைச் சுழற்றியபோதும், தட்டின் விளிம்பிலும் அச்சிலும் உரசிய தொடுப்புகள் வழியாகத்தான் மின்சாரத்தை வெளியே எடுத்தார். விசுவவித்யாலயா நிலையத்தில் நாம் இறங்கும் மெட்ரோ வண்டியும் அந்த வழிதான். மேலே 25,000 வோல்ட்டுக் கம்பி. கூரைமேல் அதை உரசிக்கொண்டே ஓடும் கரிப்பட்டை. வளையத்தை நிமிர்த்தி நீட்டினால் அந்தக் கம்பி!

இனி நம் ஊருக்கு வாருங்கள். நிஜாமுதீனில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினால், வள்ளியூர் கழிந்ததும் சன்னலுக்கு வெளியே காற்றாலைக் காடு. அது ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல். 1986இல் தூத்துக்குடிப் பக்கம் சோதனைக்காக நட்ட ஆலைகள் தலைக்கு 55 கிலோவாட். இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பழைய சிற்றாலைகளில் இறக்கையைக் குடத்தோடு இறுக்கிப் பூட்டிவிட்டனர், அது திரும்பாது. பெரிய ஆலைக்கு அது போதாது. காற்றின் வலுவுக்கேற்ப ஒவ்வோர் இறக்கையும் தன் அச்சிலே திரும்பியாக வேண்டும். சில ஆலைகளில் எண்ணெய் அழுத்தம் திருப்பும். பலவற்றில் மின்மோட்டார், இறக்கைக்கு ஒன்றாக மூன்று. அந்த மூன்றும் இருக்குமிடம் எது? சுழலும் குடத்தின் உள்ளே! அவற்றுக்கு மின்சாரமும் கட்டளையும் போகும் வாசல் நழுவு வளையம்.

நிமிடத்துக்கு 15 சுற்று, ஆண்டுக்கு 5,000 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 45 லட்சம் சுற்று; இருபது ஆண்டில் 9 கோடி. அத்தனையும் உரசல். உரசினால் தேயும், தேய்ந்தால் தூள் உதிரும், தூள் படிந்தால் கட்டளை தடுமாறும், ஆலை நின்றுவிடும். அதுவும் அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக் காற்றில் நின்றால் நட்டம் யாருக்கு? துணியும் தூரிகையும் எடுத்துக்கொண்டு 80 மீட்டர், 100 மீட்டர் கோபுரம் ஏறி அதைத் துடைத்துச் சரிசெய்ய ஒருவர் போகவேண்டும்.

நட்டத்தைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. 2017 நவம்பர் 30இல் குமரி மாவட்டத்தை ஒக்கிப் புயல் சூறையாடியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அப்படிப்பட்ட காற்றில் இறக்கைகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஆலை கட்டுமீறிச் சுழன்று தன்னையே முறித்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து வளையத்தின் வழி மின்சாரம் வராவிட்டால்? அதை எண்ணித்தான் குடத்துக்குள்ளேயே பாட்டரியோ மின்தேக்கியோ வைத்திருக்கின்றனர். வளையத்தைப் படைத்தவர்களே வளையத்தை முழுதும் நம்பவில்லை! ஆராய்வதற்கு இங்கே இடமில்லை என்று எவர் சொல்வார்?

மருத்துவமனைக்கும் இதே கதைதான். சி.டி. ஸ்கேன் கருவியில் எக்ஸ்கதிர்க் குழாயும், அதன் நேர்முனைத் தட்டைச் சுழற்றும் மோட்டாரும் சுழலும் வளையத்தின்மேல் இருக்கின்றன. முன்பெல்லாம் ஒரு சுற்று சுற்றி நின்று, கம்பியின் முறுக்கைப் பிரிக்கத் திரும்பிச் சுற்றும். 1980களின் இறுதியில் நழுவு வளையம் வந்தபின் நிற்காமல் சுற்றுகிறது. நோயாளி ஒருமுறை மூச்சை அடக்குவதற்குள் மார்பு முழுவதையும் படமெடுக்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.

கரியை ஏளனம் செய்வோருக்கு இன்னொன்று. கரித்தூரிகை வழுக்கிச் செல்வதற்குக் காற்றிலுள்ள நீராவி துணை நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் வறண்ட மேல்வானத்தில் பறந்தபோது தூரிகைகள் மளமளவென்று பொடியாய் உதிர்ந்தன. அதன் பிறகே இந்த உண்மை துலங்கியது. வழவழவென்று தோன்றும் இரு பரப்புகள் உண்மையில் சிற்சில முகடுகளில் மட்டுமே தொடுகின்றன என்பதைக் கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் ஆராய்ந்து 1950இல் நூலாக்கினர். அந்த முகடுகளில்தான் முழு மின்னோட்டமும் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. இது பௌதிகம் இல்லாமல் வேறென்ன?

உரசாமலே, காந்தப்புலத்தின் வழியாக மின்சாரம் அனுப்பும் சுழல் மின்மாற்றியும் உண்டு. பழைய வீடியோ டெக்கின் தலை உருளையில் சமிக்ஞையைக் கடத்தியது அதுவே. அதைத் தலைப்பாகக் கொடுத்திருந்தால் நண்பர் சிரித்திருக்கமாட்டார். சமன்பாடு நிறைய வரும். நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆயினும் கோபுரங்களில் இன்று சுற்றிக்கொண்டிருப்பது நழுவு வளையம். அதைப் பழுதுபார்க்க ஏறுகிறவர் நம்மூர் ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ படித்த பிள்ளை. அவர் கேட்கும் கேள்விக்கு விடை தேடுவது முதுகலை படித்த நமக்கு இழுக்கா?

ஹௌஸ் காஸில் ஐ.ஐ.டி.யில் உராய்வியலையும் ஆராயும் ஒரு மையம் இருக்கிறது. பள்ளிக்கரணையில் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. நம் ஆய்வுக்கூடங்களிலோ ஒரு வளையம், ஒரு கரித்துண்டு, ஓர் ஓம்மீட்டர் வைத்துச் செய்யும் சோதனைகூட இல்லை. அதைச் சேர்க்கும்படி கேட்போம் என்கிறேன். தமிழ் மாணவர் பத்துப் பேர் கையெழுத்திட்டால் போதும், தாளை நானே எழுதித் தருகிறேன்.

ஆய்வேட்டுத் தலைப்பை நான் மாற்றவில்லை. வருகிற சனிக்கிழமை கரித்துண்டு வாங்க பகீரத் பேலஸ் கடைத்தெருவுக்குப் போகிறேன். இந்தியில் பேரம் பேசத் தெரிந்தவர் யாராவது உடன் வந்தால் நல்லது. சிரித்த நண்பருக்கு அது நன்றாக வரும், அவரையே கேட்டிருக்கிறேன்.