முகமே இல்லாத மனிதர்கள்

போன வாரம் என் மூட்டுவலியைப் பற்றி எழுதியதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தீர்கள், நன்றி. இன்றைக்கு வேறு விஷயம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

லீவுக்கு வந்திருந்த பேத்தி போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள். "என்னட்டி?" என்றேன். "இன்டர்நெட்ல வர்ற படக்கதை ஆச்சி" என்று நீட்டினாள். வாங்கிப் பார்த்தால் வெறும் குச்சிப் படங்கள்! தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கும் கைகாலுக்கும் சில கோடுகள். கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது.

பெயர் எக்ஸ்கேசிடி. அந்த நான்கு எழுத்துக்கும் விரிவு ஒன்றும் இல்லையாம். ராண்டல் மன்றோ என்ற அமெரிக்கர் 2005-இல் தொடங்கி, திங்கள், புதன், வெள்ளி என்று வெளியிட்டு வருகிறார். முன்பு நாசாவில் ரோபோ சம்பந்தமான வேலை பார்த்தவர். அதனால் கணக்கும் அறிவியலும் கலந்த கிண்டல்தான் அதிகம். பாதி எனக்குப் புரியவில்லை, பேத்திதான் விளக்கினாள். ஆனால் அந்தப் படங்களில் யார் சோர்ந்திருக்கிறார், யார் கோபித்துக்கொண்டு விலகி நிற்கிறார் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2012-இல் வந்த 'இரண்டு ஆண்டுகள்' என்ற பக்கத்தைக் காட்டினாள். மன்றோவின் துணைவிக்கு மார்பகப் புற்றுநோய் வந்த காலத்தைப் பற்றியது. அந்தப் படக்கதையில் பெண் உருவத்தை ஆணிலிருந்து பிரித்துக் காட்டுவது தலைமுடி ஒன்றுதான். சிகிச்சையில் அதுவும் போய்விடுகிறது. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு கட்டத்தில் இருவரும் எழுத்துகளை அடுக்கும் ஸ்கிராபிள் விளையாடுகிறார்கள். கண்ணீர் வரைய அங்கே கண்ணே இல்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

'டைம்' என்று இன்னொன்று. 2013 மார்ச் முதல் ஜூலை வரை ஒரே பக்கத்தில் படம் மாறிக்கொண்டே இருந்ததாம், மொத்தம் 3,099 படங்கள். மறு வருஷம் ஹியூகோ விருதும் கிடைத்தது. கடற்கரையில் இரண்டு பேர் மணல் கோட்டை கட்டுகிறார்கள். கடல் ஏறி வருவதைக் கவனித்து, ஏன் என்று பார்க்கப் புறப்படுகிறார்கள். பெரும்பாலான படங்களில் பேச்சே இல்லை. ஒரு படத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது, முந்தைய படத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

நாங்கள் ஆசிரியர் பயிற்சியில் படித்தபோது கரும்பலகையில் குச்சிப் படம் போடப் பழக்கினார்கள். முதுகுக் கோட்டை முன்னால் சாய்த்தால் ஓடுகிறான், தலையைக் கொஞ்சம் இறக்கினால் அழுகிறான். 'ஓடு', 'அழு' என்ற சொற்களைச் சொல்லிக்கொடுக்க அது போதும். பலகையில் இதை அழகாகப் போடத் தெரிந்த எனக்கு, எதிரே பெஞ்சில் இருந்ததைப் படிக்கத் தெரியவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு ஆறாம் வகுப்பு. பெயர் சொல்ல மாட்டேன். கலகலப்பான பையன், எப்போதும் சேக்காளியோடு ஒட்டிக்கொண்டு உட்காருவான். ஒரு வாரமாகப் பெஞ்சின் ஓரத்தில் தனியாக, பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டேன். எழுந்து நின்று சிரித்தான். "என்ன இளிப்பு வேண்டிக் கிடக்கு?" என்று திட்டி வெளியே நிறுத்தினேன்.

உடனே சேக்காளி எழுந்தான். "டீச்சர், நானும் நோட்டு கொண்டுவரல" என்றான். அவனையும் வெளியே அனுப்பினேன். அவன் நோட்டு பெஞ்சு மேலேயே இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். ஜன்னல் வழியாக இரண்டு முதுகுகள் தெரிந்தன, தோளோடு தோள் ஒட்டி. இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

அந்தப் பையனின் அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த மாதமே காலமாகிவிட்டார். வகுப்பில் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

நான் முகத்தைப் பார்த்தேன், முகம் சிரித்தது. அவனுக்கும் அவன் நண்பனுக்கும் நடுவே ஒரு வாரமாக இருந்த ஒரு முழ இடைவெளியைப் பார்க்கவில்லை. பதினொரு வயதுப் பையன் அதைப் பார்த்திருக்கிறான்.

இதற்காகக் கையைக் கட்டினால் கோபம், தலையைக் குனிந்தால் குற்றம் என்று வாய்ப்பாடு போட்டுவிடாதீர்கள். நம் ஊரில் பெரியவர் முன்னால் தலை குனிவது மரியாதை. கையைக் கட்டியவனுக்குக் குளிராகக்கூட இருக்கலாம். ஒரு அசைவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நேற்று எப்படி உட்கார்ந்தான், இன்று எப்படி உட்கார்கிறான், யாரிடமிருந்து விலகியிருக்கிறான் என்பதைத்தான் பார்க்க வேண்டும். படக்கதையை அப்படித்தான் வாசிக்கிறோம், பிள்ளைகளையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், எல்லோருமே ஏதோ ஒரு வீட்டில் அம்மா, அப்பா, சித்தி, மாமா. வெளியூரில் இருக்கும் பிள்ளையோடு வீடியோ காலில் பேசுகிறீர்கள். அதில் தெரிவது முகம் மட்டும், அது "நல்லா இருக்கேன்" என்று சொல்லப் பழகிய முகம். முடிந்தால் நேரில் போய் ஒரு வேளை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நான் சொல்வது தப்பென்று தோன்றினால் தாராளமாக எழுதுங்கள், பயப்பட வேண்டாம், இப்போது என் கையில் பிரம்பு இல்லை!

அந்த இரண்டு பேரும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தம்பி, அன்றைக்கு உன்னை வெளியே நிறுத்தியதற்கு மன்னித்துக்கொள். உன் சேக்காளியிடமும் சொல், அவன் நோட்டை நான் அன்றே திருத்திவிட்டேன். எல்லாக் கணக்கும் சரி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்