வெள்ளம் வடிந்த பின் நாம் யார் கணக்கில்?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வாழ் உழைக்கும் தமிழ்க் குடும்பங்களே!

நமக்கு மழைக்காலம் இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே மராட்டிய மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஊரில் வடகிழக்குப் பருவமழை. மும்பை மாநகராட்சி மே மாதக் கடைசிக்குள் நாலாக்களைத் தூர் வாரியதாகக் கணக்கு எழுதுகிறது. செப்டம்பர் போனதும் மழைக் கோப்பை மூடி வைக்கிறது. நாமும் கூரைமேல் கட்டிய தார்ப்பாயை மடித்துப் பரணில் போட்டுவிட்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போக டிக்கெட் தேடுகிறோம். ஆனால் அரபிக் கடலில் புயல் பருவம் அதற்குப் பிறகுதான் மறுபடியும் தொடங்குகிறது.

2009 நவம்பர் 11 அன்று பியான் புயல் அலிபாகுக்கும் மும்பைக்கும் இடையே கரையேறியது. 2017 நவம்பர் இறுதியில் குமரி மாவட்டத்தைச் சூறையாடிய ஒக்கி, நம் மீனவர்களை நடுக்கடலில் பலி கொண்டது. பிறகு வடக்கே திரும்பி, டிசம்பர் 5 அன்று மும்பையில் பள்ளிக்கூடங்களை மூட வைத்தது. ஊரில் உறவைப் பறித்த அதே புயல் இங்கே நம் கூரையையும் நனைத்தது. 2019இல் அரபிக் கடலில் மட்டும் ஐந்து புயல்கள் தோன்றின. அவற்றில் கியார், மகா இரண்டும் அக்டோபரில் உருவானவை. கடல் சூடேறி வருவதால் அரபிக் கடலில் கடும் புயல்கள் பெருகுகின்றன என்று வானிலை அறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். ஆகவே மழைக்காலம் முடிந்துவிட்டது என்று செப்டம்பரில் நிம்மதி கொள்ள இனி நமக்கு உரிமை இல்லை.

2005 ஜூலை 26ஐ நம்மில் யார் மறப்பார்? அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை. பணக்காரர் வாழும் தென்முனையில், கொலாபாவில், 100 மில்லி மீட்டர்கூட இல்லை. மித்தி ஆறு தாராவிக்குள் ஏறியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியதும் ஏறத்தாழ அதே அளவு: 95 சென்டி மீட்டர். தாமிரபரணி கரைபுரண்டது. தாராவித் தமிழரில் மிகுதியானோர் நெல்லை, தூத்துக்குடிச் சீமையிலிருந்து வந்தவர்கள். அதாவது, ஒரு தலைமுறைக்குள் நம் இரண்டு வீடுகளும் ஒரே அளவு மழையில் மூழ்கியிருக்கின்றன.

ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை நெருங்கிய பாம்பன் பாசஞ்சர் வண்டியைக் கடல் அலை அப்படியே வாரிக்கொண்டு போயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் மிஞ்சவில்லை. 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட வண்டி, ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்திருந்தது. ஏறத்தாழ 800 பயணிகள் பட்டினியும் குளிருமாகத் தவித்தார்கள். ஆனால் உயிரோடு வீடு திரும்பினார்கள். மழையின் வேகம் குறைந்ததால் பிழைத்தவர்கள் அல்ல இவர்கள். தகவல் உரிய நேரத்தில் வந்தது, வண்டி நின்றது. புயலைத் தடுக்க முடியாது. சாவைத் தடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

உயிர் பிழைத்த பிறகு வருவது வேறொரு சோதனை. தமிழ்நாடு அரசு 2023 வெள்ளத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. ரேஷன் கடை வழியாகக் கொடுத்தது. நல்லது. ஆனால் மும்பைக்கு வந்து, இங்கே அட்டை எடுத்து, ஊர் அட்டையை ஒப்படைத்துவிட்டவன் நிலை என்ன? அவன் கடன் வாங்கிக் கட்டிய வீடு ஊரில் பூட்டிக் கிடக்கிறது. சுவர் விழுந்ததைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்ல ஆள் இல்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் உணவுப் பாதுகாப்புச் சட்ட அட்டைக்கு அரிசியும் கோதுமையும் மாநிலம் தாண்டி வரும். வெள்ள நிவாரணம் தாண்டி வராது.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? வெள்ளம் வந்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து பஞ்சநாமா எழுத வருவார்கள். துணிமணிக்கும் பாத்திரத்துக்கும் உதவி பெற, வீடு இடிந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு நாளுக்கு மேல் நீரில் மூழ்கியிருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் பேரிடர் நிதி நெறி. மும்பையில் கடல் ஏற்றத்தில் தேங்கும் நீர், இறக்கத்தில் வடியத் தொடங்கும். பத்து மணி நேரம் இடுப்பளவு நின்ற நீரில் அரிசியும் தையல் மிஷினும் பிள்ளைகளின் புத்தகமும் நாசமாகப் போதாதா? மராட்டிய அரசு சில வெள்ளங்களில் இந்த நிபந்தனையைத் தளர்த்தியிருக்கிறது. தளர்த்துவது கருணை, நமக்கு வேண்டியது உரிமை.

இலவச மாற்று வீட்டுக்கு 2000 ஜனவரி 1க்கு முன் குடியிருந்ததற்குச் சான்று கேட்கிறது குடிசைச் சட்டம். அந்தத் தேதிக்கும் வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம்? 2021 ஜூலை 18 அதிகாலை, செம்பூர் மாகுல் பாரத் நகரில் சுவர் சரிந்து வீடுகள் மீது விழுந்தபோது, அது யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லையே!

"சங்கம் அரிசியும் துணியும் திரட்டி ஊருக்கு அனுப்பினால் போதும், இதில் அரசியல் எதற்கு?" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அரிசியும் துணியும் வேண்டும். முதல் நாளே வேண்டும். ஆனால் நாம் திரட்டும் துணி ஒரு மாதத்துக்குத்தான் காணும். இடிந்த சுவரை எழுப்ப அரசுப் பணம்தான் வேண்டும். அந்தப் பணம் கணக்கில் இருப்பவனுக்கே போகிறது. கணக்கில் இடம் கேட்பது அரசியல் என்றால், அந்த அரசியலைச் செய்யத்தான் சங்கம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேச வேண்டும். நம்மவர் பலர் இன்று வீட்டுக்காரர்கள். கீழே தாம் இருந்துகொண்டு மாடியையோ, பின்னறையையோ வாடகைக்கு விடுகிறார்கள். குடியிருப்பவர் தமிழராக இருக்கலாம், பீகாரியாகவும் இருக்கலாம். பஞ்சநாமா எழுதும்போது வீட்டுக்காரன் பெயர் மட்டும் ஏறினால், பாத்திரம் இழந்தவனுக்கு என்ன கிடைக்கும்? நாம் வந்திறங்கிய காலத்தில் 'மதராசி' என்று நம்மை ஒதுக்கியதைக் குறை சொல்லும் வாய், குடித்தனக்காரன் பெயரை எழுத மறுக்கலாமா?

அரசுகளிடம் நாம் கேட்பவை:

ஒன்று: பஞ்சநாமாவில் மாடி, பின்னறைக் குடித்தனம் உட்பட உண்மையில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஏற வேண்டும்.

இரண்டு: இரண்டு நாள் நிபந்தனையை நகர்ப்புறத்துக்கு அடியோடு நீக்க வேண்டும்.

மூன்று: ஊரில் வீடு இழந்த புலம்பெயர் தொழிலாளி, மும்பையிலிருந்தே மனுக் கொடுக்கத் தமிழ்நாடு அரசு வழி செய்ய வேண்டும்.

நான்கு: நாலா தூர்வாரலும் நீரிறைக்கும் பம்புகளும் டிசம்பர் வரை தொடர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை: ஒவ்வொரு சந்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். குடும்பங்கள், முதியோர், கைக்குழந்தைகள், நோயாளிகள் பெயரை எழுதுங்கள். அட்டை, ஆதார், மின் ரசீது நகல்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு படி சங்கத்திலும் வையுங்கள். நீர் ஏறும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். வெள்ளம் வடிந்ததும் சேற்றை அள்ளும் முன் படம் எடுங்கள். கழுவிய வீட்டுக்குப் பஞ்சநாமா கிடையாது. வெள்ள நீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி மருந்தகத்தில் எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து கேளுங்கள். 2005இல் நீர் வடிந்த பிறகும் அந்தக் காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று.

இந்த வேலைக்குப் பெரிய நிதி வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நோட்டு, எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு பிள்ளைகள், சந்து முழுவதையும் அறிந்த ஒரு தாய் போதும். அக்டோபர் பிறக்கும் முன் தொடங்குங்கள். அதிகாரி பேனாவைத் திறக்கும்போது நம் பட்டியல் அவர் மேஜைமீது இருக்கட்டும்!